பதினொரு மீட்டர் பலகை

மாவட்டப் போட்டியில் பயிற்சியாளர் ஜெசிந்தா மேடம் என்னைத் தாண்ட இறக்காமல் உட்கார வைத்த கோபம். திண்டிவனம் கல்லூரியை விட்டு விழுப்புரத்துக்கு மாற்றல் கேட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மாற்றல் பட்டியலைப் பயிற்சியாளர்கள் எல்லோரும் இணையத்தில் பார்க்கலாமாம். எனக்கு எங்கே தெரியும்?

விழுப்புரம் மைதானத்தில் டிரிப்பிள் ஜம்ப் மணற்குழிக்கு ஒன்பது மீட்டர் முன்னால், மிதித்து எழும்பத் தேய்ந்துபோன பலகை. பலசாலிகள் தாண்டும் பதினொன்றில் புதுப் பலகை, வெள்ளைப் பெயின்ட்கூடக் காயவில்லை.

"இங்க பதினொன்னுலேர்ந்து யாரு சார் தாண்டறாங்க?"

"யாருமில்லம்மா," என்றார் பயிற்சியாளர் பூவரசன். "ஜெசிந்தா மேடம் லிஸ்ட்ல உன் பேரப் பாத்துட்டு போன் பண்ணாங்க. 'அவள ஒம்போதுல நிக்க வைக்காதீங்க, ஜல்தியா பலகை போடுங்க'ன்னாங்க."

பெயின்ட் காய்ந்த பிறகும் அதை மிதிக்க எனக்கு மனசு வரவில்லை.