வாய் மூடிய சொல்

நான் முன்கோபக்காரி. ஒரே நாளில் இருபத்துமூன்று பேருக்குக் காது கேட்கும் கருவி மாட்டி, அத்தனை பேருக்கும் எட்டுப் பக்கப் படிவமும் நிரப்பச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? செல்லிப்பட்டு சமுதாயக் கூடத்தில் அன்று கடைசியாக நான் கருவி மாட்டியது தனக்கொடி அக்காவுக்கு. கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவளிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் ஆய்வு பெரிய விஷயமில்லை. கருவியை இலவசமாகக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் அதைப் போட்டிருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள்.

தனக்கொடி அக்காவுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் மூளைக்காய்ச்சலில் காது போனது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். சோதனையில், அட்டையால் என் வாயை மறைத்துக்கொண்டு இருபத்தைந்து வார்த்தைகள் சொன்னேன். ஒன்றைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. அட்டையை எடுத்ததும் இருபதைச் சரியாகச் சொன்னாள்.

“‘ம்’முனு சொன்னா மட்டும் எனக்குத் தெரியாது பாப்பா. வாய் மூடியே இருக்குதே, இன்னாத்தப் பாக்கறது?” என்று சிரித்தாள்.

அவள் புருஷன் சாமிக்கண்ணு எதைக் கேட்டாலும் ‘ம்’ என்று மட்டும் சொல்கிற ஆளாம். வாயத் தொறந்து சொல்லுயா என்று தினமும் அவரோடு மல்லுக்கு நின்றாளாம். போன ஐப்பசியில் சுப்புராயன் என்பவரின் கரும்புக் கொல்லைக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வரப்பிலேயே செத்துக் கிடந்தார். ஏதோ விஷப்பூச்சி கடித்துவிட்டது என்று சுப்புராயன் சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகாமல் பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது அக்கா கருவியோடுதான் இருந்தாள். எனக்குச் சந்தோஷம். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. கையைத் தட்டினேன், அதற்கும் இல்லை. முன்னால் போய் நின்று, கருவி வேலை செய்கிறதா என்று கேட்டேன்.

“மனுசங்க பேசறது ஒண்ணும் கேக்கல,” என்றாள். “அவரு மட்டும் பேசறாரு.”

செத்துப்போன சாமிக்கண்ணுவைச் சொல்கிறாள். எங்கே, எப்படி என்று அவளே சொன்னாள். வீட்டில் மீட்டர் பெட்டிப் பக்கம் போனால் லேசாகக் கேட்கிறதாம். ஊர்க்கோடி டிரான்ஸ்பார்மருக்குக் கீழே சத்தமாகக் கேட்கிறதாம். சுப்புராயன் கொல்லையில்தான், அதுவும் மழை பெய்ததிலிருந்து, பக்கத்தில் நின்று சொல்வதுபோல் கேட்கிறதாம். எதைக் கேட்டாலும் ‘ம்’ என்கிறாராம். கரண்ட் போய்விட்டால் அவரும் போய்விடுகிறாராம்.

பட்டப்பகல் பதினொரு மணி. சுவரோரம் மேசை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதன் பக்கம் தலையைச் சாய்த்து, “இந்தப் பாப்பாகிட்டச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு புதுப்பெண்போல் சிரித்தாள். படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. காதிரைச்சல் என்பதில் டிக் அடித்தேன்.

கருவியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். காதைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று பயம். வேண்டுமானால் கொல்லைக்கு வா, நீயே பார் என்றாள். இதுவரை கொல்லையோர வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்று பேசியிருக்கிறாள். இன்று தாண்டிப் போய் வரப்பில் உட்காரப் போகிறாளாம். கிட்டே போனால் ‘ம்’மைத் தாண்டி ஒரு வார்த்தையாவது பேசமாட்டாரா என்று ஆசை.

முந்தின நாள் மழையில் தரை சொதசொதவென்று இருந்தது. கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. காற்றில்லை, ஒரு தோகைகூட அசையவில்லை. சங்கராபரணி ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பறவைச் சத்தம்கூட வரவில்லை. மாதாமாதம் சோதித்துப் பார்க்கிற என் நல்ல காதை எவ்வளவு தீட்டியும் ஒன்றும் விழவில்லை.

“தோ, ஆரம்பிச்சிட்டாரு,” என்று நடையை எட்டிப் போட்டாள். கரும்பைப் பார்த்து, “சாப்டியாயா?” என்று கேட்டாள். நின்றாள். தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரே தாண்டில் வாய்க்காலைத் தாண்டினாள்.

பின்னாலிருந்த எனக்கு அப்போதுதான் அவள் காதுக்குப் பின்னே கருவியின் குட்டி சுவிட்ச் தெரிந்தது. எப்போதோ கைபட்டு ‘டி’க்குப் போயிருந்தது.

நான் அன்று சொல்லாமல் விட்டது இதைத்தான். அந்த சுவிட்ச் ‘எம்’மில் இருந்தால் பேச்சு கேட்கும். ‘டி’ என்பது டெலிபோனுக்கு. அதில் எதிரே பேசுகிறவர் குரல் அடைபட்டுவிடும். கம்பியில் கரண்ட் ஓடினால் அந்த இரைச்சல் மட்டும் கேட்கும், ‘ம்ம்ம்’ என்று.

கரும்பு வரப்பில் கம்பி எங்கே வந்தது?

பார்த்தேன். கணுக்கால் உயரத்தில், சின்னச் சின்னக் குச்சிகளில், வரப்பு நெடுக ஒரு கட்டுக்கம்பி ஓடியது. அதில் ஒரு தவளை ஒட்டிக்கொண்டு விறைத்துக் கிடந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த கரண்ட். ராத்திரிக்குப் போடுவதைப் பகலிலும் அணைக்காமலே விட்டிருக்கிறார்கள்.

“அக்கா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது, என் குரல் அவளுக்குப் போகவே போகாது. அவளுக்கு அவர் குரல் மட்டும்தான். கிட்டே போகப் போக அது கூடிக்கொண்டே போகும். வரப்பில் வைக்க அவள் காலைத் தூக்கினாள்.

ஈரமண் கட்டி ஒன்றை அள்ளி எறிந்தேன். முதுகில் விழுந்தது. கோபத்தோடு திரும்பினாள். வாயை அகலத் திறந்து “கரண்டு” என்று சொல்லிக் கம்பியைக் காட்டினேன். வாய்க்காலில் இறங்கி அவள் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன்.

அவள் தவளையைப் பார்த்தாள். கம்பி போகிற உயரத்தைப் பார்த்தாள். குனிந்து தன் கணுக்காலைத் தொட்டாள்.

“அவரு கால்ல கருப்பா ஒரு கோடு இருந்துச்சு,” என்றாள் மெதுவாக. “இங்கதான். பூச்சி வெசம்னு சொன்னாங்க. அப்ப அன்னிக்கும் இதானா?”

ஒரு மாதமாகத்தான் புருஷன் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஆமாம் என்றால், பேசியதும் இந்தக் கம்பிதான் என்று ஆகிவிடும். அவரை மறுபடியும் அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. “ம்,” என்றேன்.

அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாயத் தொறந்து சொல்லு.”

“ஆமாக்கா,” என்றேன்.

அவள் அழவில்லை. சுவிட்சைத் தள்ள நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். கம்பிப் பக்கம் தலையைச் சாய்த்து, “நீதானா?” என்று கேட்டாள். காத்திருந்தாள்.

“‘ம்’முங்குது,” என்றாள்.