பட்டியலில் எழுதாத செலவு

புது வண்டி என்று பேச்செடுத்த நாளிலிருந்து குருவிக்குச் சோறு இறங்கவில்லை. குருவி என்பது அக்கா வைத்த பெயர். கதவு படீரென்று சாத்தினால்கூடத் தூக்கிவாரிப்போட்டு எழுந்து நிற்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அக்காவும் தங்கையுமாகச் சலவைக்கூடம் நடத்தினார்கள். நான்கு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், ஆபரேஷன் அறையின் பச்சை அங்கிகள் எல்லாம் அங்கே வந்து கொதித்து, காய்ந்து, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். துவைப்பதும் தேய்ப்பதும் அக்கா. ஓட்டுவது குருவி. அதற்கென்று ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. போகிற தெருவெல்லாம் புகை கக்கும். இரண்டு ஆஸ்பத்திரிக்காரர்கள், "இதை வாசல்ல நிறுத்தாதீங்க" என்று சொல்லியே விட்டார்கள்.

மின்சார பிக்கப் வாங்கலாம் என்றது அக்காதான். இருப்பதிலேயே மலிவானது. ரேடியோ கிடையாது, ஏசி கிடையாது, கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்கவேண்டும். பெயிண்ட்கூட அடிக்காத சாம்பல் நிறம்.

"பாதியில எந்திரிச்சு வந்த மாதிரி நிக்குதே!" என்று அக்கா சிரித்தாள்.

குருவி சிரிக்கவில்லை. ஒரு தாளில் எழுதிவைத்திருந்தாள். முன்பணம், ஐந்து வருடத் தவணை, இன்சூரன்ஸ், சுவரில் மாட்டும் சார்ஜர். மறுபக்கம் டீசல் மிச்சம், ஆயில் மிச்சம். கூட்டிப் பார்த்தால் கட்டுப்படியாகும் போலத்தான் இருந்தது. ஆனால் பேட்டரி கெட்டால்? நடுவழியில் நின்றால்? ஒரு ஆஸ்பத்திரி கைவிட்டால்?

"ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க மேடம்" என்றார் விற்பனைக்காரர். சாவியைக் கொடுத்தபோது திரையில் அறுபத்தொரு சதவீதம் காட்டியது. "தாராளமாப் போதும்" என்றார்.

அன்றைய நடைக்கான மூட்டைகளை ஏற்றினார்கள். நானூறு கிலோவுக்குக் குறையாது. அக்காவும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மூன்று ஆஸ்பத்திரிகள் ஊருக்குள்ளேயே. சத்தமே இல்லாமல் வண்டி போனது குருவிக்குப் பிடிக்கவில்லை. உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஆள் குறுக்கே வந்தபோதெல்லாம் ஹாரன் அடித்து அடித்துக் கட்டைவிரல் வலித்தது.

நான்காவது ஆஸ்பத்திரி மலைமேல். ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். பெரிய மூட்டைகள் எல்லாம் அதற்குத்தான். மத்தியானம் இரண்டு மணி ஆபரேஷனுக்கு அங்கிகள் போய்ச் சேரவேண்டும். அடிவாரத்தில் திரை முப்பத்தைந்து காட்டியது.

முதல் வளைவில் முப்பத்திரண்டு. மூன்றாவது வளைவில் இருபத்தேழு. குருவிக்குச் சாலை தெரிவது நின்றுபோய் அந்த எண் மட்டும்தான் தெரிந்தது. இருபத்துமூன்று. பத்தொன்பது. ஏசி இல்லாத வண்டியில் அவளுக்கு மட்டும் குளிர்ந்தது.

"அக்கா, நின்னுடும்க்கா."

"ரோட்டைப் பாருடி."

"திரும்பிடலாமா?"

"இங்க எங்கடி திருப்புவே? ஓட்டு."

பதினான்கில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதுவரை தொணதொணவென்று பேசிவந்த அக்காவும் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் குருவியை இன்னும் பயமுறுத்தியது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது பத்து.

அங்கிகளை உள்ளே கொடுத்துவிட்டு அக்கா காவலாளியிடம் போய்ப் பேசினாள். "ஃபோன் சார்ஜ் போடறவங்களைப் பாத்திருக்கேன், லாரி சார்ஜ் போடறவங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துப் பிளக்கைக் காட்டினார். மூன்று மணி நேரம் ஆகும். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

எண் பதினைந்தானது, இருபதானது. ஆனால் குருவி திரையைப் பார்க்கவில்லை; இறங்கிப் போகும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அதைக் கவனித்தாள்.

"சார்ஜ்தான் ஏறுதே. இப்ப என்னடி பயம்?"

"இறங்கணுமேக்கா."

"இறங்கறதுக்கு என்ன? ஏறறதுதான் கஷ்டம்."

குருவி எழுந்து பிளக்கைச் சரிபார்க்கப் போனாள். அக்கா விடவில்லை. கடைசியில் அது வந்தது.

"போன மாசம் வேன் பக்கவாட்டுல நசுங்கிச்சுல்ல... மார்க்கெட்ல லாரிக்காரன் இடிச்சான்னு சொன்னேன்ல. யாரும் இடிக்கலைக்கா."

இதே மலை இறக்கம். அழுக்குத் துணி மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தாள். பாதியில் பிரேக் மிதி தளர்ந்து தரைவரை போய்விட்டது. கருகல் நாற்றம். கீழே வளைவு, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வேனைப் பாறைச் சுவரோடு உரசி உரசித்தான் நிறுத்தினாள். அரைமணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிரியவில்லை. மெக்கானிக் புது பிரேக் போட்டுவிட்டு, "இந்த வேனுக்கு இந்த மலை இனி ஆகாது. நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் எட்டுத் தடவை அதே வேனில் இறங்கியிருக்கிறாள்.

"ஏண்டி என்கிட்ட சொல்லலே?"

"சொன்னா ஓட்ட வேணாம்பே. இந்த ஆஸ்பத்திரி போயிட்டா நமக்குப் பாதி வருமானம் போயிடும்."

அக்கா கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பினாள். பிறகு, "அவ்வளவு கணக்கு எழுதினியே, இதை எந்த வரியிலடி எழுதினே?" என்று மட்டும் கேட்டாள்.

முப்பது சதவீதத்தில் கிளம்பினார்கள். முதல் இறக்கத்தில் குருவி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பிரேக்கைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. அவள் நம்பவில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் மிதித்துப் பார்த்தாள்; மிதி கெட்டியாக நின்றது. பாறைச் சுவரில் வேன் உரசிய வெள்ளைக் கோடு வந்தபோது அக்கா ஒன்றும் கேட்காமலே புரிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வளைவில் ஒரு பஸ் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. குருவி மிதித்தாள். வண்டி நின்றது. பஸ் உரசாமல் கடந்து போனது. இறங்கிய வேகத்திலேயே சார்ஜ் ஏறி, அடிவாரத்தில் திரை முப்பத்துமூன்று காட்டியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், ஆனால் மகிழ்ச்சியடையத் தெம்பு இல்லை.

வாங்குவதென்று முடிவானது. இனி மலைக்கு முதல் நடை. முழு சார்ஜோடு காலையிலேயே ஏறிவிடவேண்டும். மற்ற மூன்றும் பிறகு.

முன்பணத்துக்கு வேனைத்தான் நம்பியிருந்தார்கள். காய்கறிக்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டு வந்தார். அவருக்கும் மலைமேல்தான் வியாபாரம்.

"விக்கறதில்லைங்க" என்றாள் அக்கா.

"விலை பத்தலையா?"

"விலை நல்ல விலைதான். மலை இறக்கத்துல பிரேக் நிக்காது. என் தங்கச்சி பொழைச்சது பெரிய விஷயம்."

வேன் பழைய இரும்புக் கடைக்குப் போனது. கிடைத்தது காய்கறிக்காரர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு. தவணை ஐந்து வருடத்திலிருந்து ஏழானது. கையெழுத்துப் போடும்போது குருவியின் எழுத்து கோணிக்கொண்டது. ஏழு வருடம்! அதற்குள் என்னென்ன ஆகுமோ. பயம் அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் அது தவணையைப் பற்றிய பயம். ராத்திரியில் புரளவைக்கும், பாறைமேல் மோதவைக்காது.

இப்போது மலையிலிருந்து இறங்கியதும் ஃபோன் பண்ணவேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. அடிவாரத்தில் ஓரமாக நிறுத்திவிட்டுக் குருவி எண்ணை அழுத்துவாள். முதல் மணி அடித்து முடிவதற்குள் அக்கா எடுத்துவிடுவாள்.

"இறங்கிட்டேன்க்கா."

"சரி, வா" என்பாள் அக்கா. பின்னால் இஸ்திரிப் பெட்டி மறுபடி நகரும் சத்தம் அப்போதுதான் கேட்கும்.