அளவுச் சீட்டு

"நான் இன்னும் முடிக்கவே இல்ல. அதுக்குள்ள யாரு ஆமென் சொன்னது?"

"நான்தான், அண்ணி. நீங்க நிறுத்தினீங்களேன்னு..."

"மூச்சு வாங்கினேன்! மனுஷி மூச்சு வாங்கக் கூடாதா?"

"இல்ல, அடுப்புல பால் பொங்குற சத்தம் கேட்டுச்சு, அதான்..."

"பால் பொங்கினா துடைச்சுக்கலாம். ஜெபத்தைப் பாதியில வெட்டினா யாரு ஒட்டுப் போடறது?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்கடி," என்றார் அத்தை. "பால் பொங்கல. தீஞ்சே போச்சு."

இன்றைக்கும் எங்கேயாவது தீய்ந்த பால் வாடை வந்தால் எனக்கு அந்த முன்னறைதான் கண்ணில் நிற்கும். சன்னலோரம் மூன்று தையல் மிஷின், நடுவில் வெட்டுமேசை. என் மாமியாரைத்தான் அத்தை என்பேன். துணி வெட்டுவது அவர். மிஷின் ஓட்டுவது அண்ணி, என் கணவரின் அக்கா. கல்யாணமாகி எட்டு மாதமே ஆன எனக்குக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, வந்தவர்களின் அளவைத் துண்டுச் சீட்டில் எழுதித் துணியோடு குண்டூசியால் குத்துவது. சாயங்காலம் மிஷின்களுக்கு உறை போட்டதும் குடும்ப ஜெபம். ஆளுக்கு ஒரு நாள் முறை. என் முறை வரும் நாளெல்லாம் எனக்கு இருமல் வரும்.

என் பிறந்த வீடும் கிறிஸ்தவ வீடுதான். ஆனால் அங்கே ஜெபம் என்றால் புத்தகம். அப்பா அச்சில் இருப்பதை வாசிப்பார், நாங்கள் ஆமென் சொல்லுவோம். இங்கே புத்தகம் கிடையாது. அண்ணி கண்ணை மூடினால் வேதாகமத்தின் தொடக்கமான ஆதியாகமத்தில் ஏறி, முடிவான வெளிப்படுத்தலில்தான் இறங்குவார். எனக்குப் "பரம பிதாவே" வரை வரும். அதற்குமேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த என்னிடம் அத்தை வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்போ நீ ஜெபம் பண்ணு, சின்னவளே."

"அவளா?" அண்ணியின் குரல் முன்னறையிலிருந்தே பாய்ந்து வந்தது. "அம்மா, வயித்துல கத்தி வைக்கப் போறாங்க. விளையாட்டா இது? நான் பண்றேன்."

"நீ பண்ணி முடிக்கிறதுக்குள்ள டாக்டர் ரிட்டயர் ஆயிடுவார்டி."

என் கணவர் சிரித்துவிட்டார். அக்கா பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பை அப்படியே விழுங்கினார்.

"எனக்கு வார்த்தை வராது, அத்தை," என்றேன்.

"சட்டை ஏன் லேட்டுன்னு ஆளுங்க கேக்குறப்போ மட்டும் கடகடன்னு வருதே?"

"அது பொய், அத்தை. அது வரும்."

அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

மறுநாள் அவரை அளவெடுத்தேன். முன்பக்கம் திறக்கிற மாதிரி, தொளதொளவென்று ஒரு சட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தது ஆஸ்பத்திரி. அத்தை இரண்டு கையையும் தூக்கி நின்றார். டேப்பைச் சுற்றிப் பிடித்தேன். எண்ணைப் பார்த்தேன். மறுபடி சுற்றிப் பிடித்தேன்.

"எவ்வளவு?"

நாற்பது வருஷம் ஊரையே அளந்தவருக்குத் தன் உடம்பு தெரியாதா?

"பழைய அளவுதான், அத்தை."

"ம். எழுதிக்கோ."

சீட்டில் நிஜ எண்ணைத்தான் எழுதினேன். பக்கத்திலேயே பழைய சீட்டில் இருந்த போன வருஷத்து எண்ணையும் எழுதினேன், ஏனென்று தெரியாமல். அண்ணி கண்ணில் அது படக்கூடாது என்று, அந்தச் சட்டையை நானே தைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

"என்ன, திடீர்னு மாமியார் மேல பாசம்?" என்றார் அண்ணி.

வியாழக்கிழமை ஜெபத்தையும் எழுதினேன். வேறு காகிதம் அகப்படவில்லை, இன்னொரு அளவுச் சீட்டில்தான். அண்ணியின் ஜெபத்திலிருந்து இரண்டு வரி, போதகரிடமிருந்து மூன்று வரி. கிருபாசனம் வந்தது, ஸ்தோத்திரம் நாலு தடவை வந்தது. அன்று பாட்டு வாத்தியாரின் சட்டையும் முடிக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் எந்தச் சீட்டை எந்தத் துணியில் குத்தினேன், எதை வேதாகமத்துக்குள் வைத்தேன் என்று நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் வண்டி நின்றது. அத்தை வெட்டுமேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பை மடியில். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் சீட்டைப் பிரித்தேன்.

"பரம பிதாவே," என்றேன். "தோள் பதிமூணு. கை ஒன்பது..."

அண்ணி தொண்டையைக் கனைத்தார்.

காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமை. வேதாகமத்தைப் புரட்டினேன், அதில் ஒன்றுமில்லை. கண் மறுபடி அந்தச் சீட்டுக்கே வந்தது. வேறு போக்கிடம் இல்லாமல் அதில் இருந்ததையே சொன்னேன்.

"மார்பு, போன வருஷம் முப்பத்தெட்டு. இப்ப முப்பத்திரண்டு. ஆறு அங்குலம் போயிடுச்சு, ஆண்டவரே. அத்தை கேட்டாங்க, எவ்வளவுன்னு. பழைய அளவுதான்னு பொய் சொன்னேன். இந்த வீட்டுல தினம் ஜெபம் பண்றோம், மழைக்குப் பண்றோம், பக்கத்து வீட்டுப் பரீட்சைக்குப் பண்றோம். இதை மட்டும் யாரும் உங்ககிட்ட சொல்லல. பயமா இருக்கு. முப்பத்திரண்டுக்குக் கீழ போக விடாதீங்க. திரும்ப நான்தான் அளக்கணும். இவங்களே கையைத் தூக்கி நிக்கணும்."

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஆமென் கூட வரவில்லை.

அடுத்த வாரம் பாட்டு வாத்தியார் ஒரு சீட்டோடு வந்தார். "இது என் சட்டையில குத்தியிருந்துச்சும்மா. அளவு ஒண்ணையும் காணோம், ஸ்தோத்திரமாவே இருக்கு. ஆனா சட்டை என்னவோ சரியாத்தான் இருக்கு," என்றார். அந்தச் சீட்டு எங்கே போனதோ. மற்றது இன்னும் என் வேதாகமத்தில் இருக்கிறது. முப்பத்திரண்டுக்குக் கீழே வேறொரு மையில் முப்பத்துமூன்று. அதற்குக் கீழே முப்பத்தைந்து. முப்பத்தாறு எழுதிய அன்று அத்தை, "டேப்பை இழுத்துப் பிடிக்காதேடி, திருடி," என்றார். அத்தையும் அண்ணியும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. எனக்கு இன்றுவரை ஜெபத்தில் அழகான வார்த்தை வந்ததில்லை.

ஆனால் அந்தக் காலையில் எதுவும் யாருக்கும் தெரியாது. வண்டிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. அத்தையின் விரல்கள் மடியிலிருந்த பையின் வாரைத் தடவிக்கொண்டே இருந்தன. யாருடைய கையோ தட்டுத்தடுமாறி என் தோளைத் தேடி வந்து பிடித்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல். அண்ணிதான்.

"ஏம்மா," என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெதுவாக. "மூச்சு வாங்குறியா, முடிச்சிட்டியா?"