இன்னும் வெளிவராத பதிப்பு

ஹார்டு டிஸ்க் செத்துப்போனபோது அவள் அழவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினாள். குழந்தைகள் சட்டைக்கும் கவுனுக்கும் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன்களைக் கணினியில் வரைந்து தையல் கம்பெனிகளுக்குக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்து வரைந்த அத்தனையும் அந்த ஒரே டிஸ்க்கில் இருந்தது. மீட்டுத் தருவதாகச் சொன்ன கடைக்காரர் இழுத்தடித்து இழுத்தடித்து, ஒருவழியாகப் புது டிஸ்க்கைக் கையில் வைத்தார்.

"வரைஞ்சதெல்லாம் கிடைச்சிருச்சும்மா. பேரும் தேதியும்தான் போச்சு. ஒவ்வொண்ணா திறந்து பார்த்து நீங்களே பேரு வச்சுக்குங்க."

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் வெட்டுமேஜை, எதிர்ச்சுவரில் கணினி. கணவன் துணி வெட்டுவான், தேய்ப்பான், கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். அவள் கோப்புகளைத் திறந்து திறந்து பெயர் வைப்பதைப் பார்த்து, "பெத்த பிள்ளைக்கே பேரு வைக்க ஆறு மாசம் யோசிச்சவ நீ. இது முடிஞ்ச மாதிரிதான்" என்றான்.

முக்கால்வாசி மக்கர் பண்ணாமல் திறந்தன. கடைசியில் கொஞ்சம் கோப்புகள் மட்டும் அடம்பிடித்தன. எதைத் தட்டினாலும் ஒரே பதில்தான்: 'இந்தக் கோப்பு, நீங்கள் பயன்படுத்துவதைவிடப் புதிய பதிப்பில் சேமிக்கப்பட்டது.'

மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் தன் வீட்டிலிருந்தபடியே அவள் கணினியை நோண்டினான்.

"அண்ணி, இதுக்கு மேல புது பதிப்பு எதுவும் கிடையாது. நீங்க வச்சிருக்கறதுதான் லேட்டஸ்ட். இந்தக் கோப்பெல்லாம் அதுக்கு அடுத்த நம்பரக் காட்டுது. அது இன்னும் வெளியவே வரல."

"அப்புறம் எப்படி தம்பி?"

"டிஸ்க் கெட்டதுல நம்பர் குழம்பியிருக்கும். விடுங்க. ஒவ்வொரு கோப்புக்குள்ளயும் சின்னதா ஒரு முன்னோட்டப் படம் இருக்கும், அத மட்டும் உருவித் தரேன்."

படங்கள் திரையில் வரிசையாக வந்தன. அவள் அவற்றைச் சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்கு அடுக்கினாள். எல்லாமே ஒரே உடம்புக்கு வரைந்தவை. முதல் படங்களில் இடது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் மகள் வாண்டுவுக்குப் பிறவியிலேயே அப்படித்தான். கடைச் சட்டை போட்டால் கழுத்து ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் அவளுக்கு எல்லாச் சட்டையும் அம்மா கையால்தான். ஆனால் வாண்டு இப்போது இரண்டாம் வகுப்பு. திரையில் இருந்த முதல் படமே அவளுக்குத் தொளதொள என்றிருக்கும். அடுத்தடுத்த படங்களில் கை நீண்டது, மார்பு அகன்றது, இடுப்பு வளைந்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, திரையில் குமரியாகிக்கொண்டிருந்தாள்.

வரைந்தது அவள் கைதான். பின்கழுத்து நடுவில் இரட்டைக் கோடு போடுவது அவள் பழக்கம். வேறு யாரும் அப்படிப் போடமாட்டார்கள். பாதி வரிசை தாண்டியதும் இரட்டைக் கோட்டைக் காணோம். அந்த இடத்தில் பெருக்கல் குறி இருந்தது.

பெருக்கல் குறி போடுவது அவள் கணவன். அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்தால், அரைகுறையாக அவன்தான் வரைந்து சமாளிப்பான். அங்கிருந்து கடைசிப் படம்வரை பெருக்கல் குறிதான். இடது தோளும் வலது தோளைப்போலவே நேராக இருந்தது. அவனுக்கு அந்த இறக்கம் எப்போதும் பிடிபட்டதில்லை.

நான் இருக்கும்போது இவர் எதற்கு இவளுக்குச் சட்டை வரையப்போகிறார்?

"அம்மா, ரப்பர் எங்க?" என்று உள்ளேயிருந்து வாண்டு கத்தினாள்.

"என்ன அண்ணி, ஏதாச்சும் தேறுச்சா?" என்றான் கொழுந்தன், போனில்.

"எல்லாம் குப்பை தம்பி" என்று வைத்துவிட்டாள்.

மறுநாளே டாக்டரிடம் போனாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஒரு குறையுமில்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கணவனைக் கூப்பிட்டு, மேஜைமேல் பழுப்புத்தாளை விரித்தாள்.

"வாண்டுவோட தோள் இறக்கத்த இன்னிக்கு நீங்க வரையறீங்க."

"எனக்கெதுக்கு அது? அதான் நீ இருக்கியே!"

"கத்துக்கிட்டா கை தேஞ்சா போயிடும்?"

அவன் சிரித்துக்கொண்டே வரைந்தான், தப்பாக. அழிக்கச் சொன்னாள். மறுபடி வரைந்தான். அன்றிலிருந்து வாண்டுவின் ஒவ்வொரு சட்டைக்கும் அவனை இழுத்து உட்காரவைத்தாள். அவன் பாதியில் டீ குடிக்க நழுவுவான். ஒருமுறை அந்தப் படங்களை மறுபடி திறந்து பார்த்தாள். கடைசிப் படங்களில் இடது தோள் இறங்கியிருந்தது. கற்றுக்குட்டி வரைந்ததுபோல் கொஞ்சம் அதிகமாகவே இறங்கியிருந்தது. பெருக்கல் குறி மட்டும் அப்படியே இருந்தது. அதன்பிறகு அவள் அவற்றைத் தொடவில்லை.

அடுத்த வருஷம் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. கணவன்தான் அதைக் கணினியில் ஏற்றினான். அவள் ஜன்னலோரம் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், அந்த அடம்பிடிச்ச கோப்பெல்லாம் இப்ப திறக்குது. வந்து பாரேன்!"

"நீங்களே பாருங்க."

மௌஸ் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. "அட, நம்ம வாண்டு அளவு மாதிரி இருக்கு" என்றான். மறுபடி தட்டினான். "இது என் பெருக்கல் குறியாச்சே, நான் எப்ப இத வரைஞ்சேன்?" பிறகு தட்டும் சத்தம் மெதுவாகி, நின்றேபோனது. அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

நாற்காலி நகர்ந்தது. அவன் வந்து பக்கத்தில் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. வெட்டிய துணியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதுத்தாள் ஒன்றை விரித்தான்.

"அந்த இடது தோளு... எங்க ஆரம்பிக்கணும்? முதல்லேர்ந்து சொல்லு" என்றான்.

அவள் பென்சிலை அவன் கையில் கொடுத்தாள்.