கொறச்சுகூடெ

கரமனை ஆற்றோரம், கட்டிடத் தூணுக்குக் குழி போடும் பெரிய மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான் பால்பாண்டி. காற்று வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தாயிற்று. எங்கும் குமிழ் வரவில்லை, கசிவு இல்லை. இனி அழுத்தத்தைச் சரிபண்ண வேண்டியதுதான். வால்வின் திருகை வலப்பக்கம் திருப்பினால் ஏறும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும். குறைந்தால் கிளட்ச் பிடிக்காது, கூடினால் ஓஸ் பிய்த்துக்கொள்ளும். மேலே கேபினில் மீட்டரைப் பார்த்து ஆபரேட்டர் சுஜித் குரல் கொடுப்பான், கீழே இவன் திருகுவான்.

"பாண்டியண்ணா, கொறச்சுகூடெ!"

இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். மலையாளத்தில் கொறச்சு என்றால் கொஞ்சம். வந்த புதிதில் நம் ஆள் அதைத் தமிழாகக் கேட்டு, குறைக்கச் சொல்கிறான் என்று இடப்பக்கம் திருகித் தொலைத்தான். கிளட்ச் வழுக்கி, தொங்கிய இரும்புக் குண்டு சேற்றில் தொப்பென்று விழுந்தது. யாருக்கும் அடியில்லை, தெய்வாதீனம். அதிலிருந்து குண்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வால்வைத் தொடுகிறார்கள். ஒன்பது வருஷமாயிற்று, இப்போது கை தானாக வலப்பக்கம் போகிறது. இங்கே எல்லாருக்கும் அவன் பாண்டி. பெயரைத்தான் சொல்கிறார்களா, தமிழன் என்று இளப்பமாகச் சொல்கிறார்களா, யார் கண்டது? சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குப் போனால் 'மலையாளத்தான் வந்துட்டான்' என்கிறார்கள். அவன் தங்கியிருக்கும் தம்பானூர் லாட்ஜ் அறையிலோ அவனை எப்படியும் கூப்பிட ஆளில்லை.

அப்போதுதான் ஊரிலிருந்து மனைவி மாடம்மாள் போனில் கூப்பிட்டாள்.

"புள்ளைக்கு லீவு விட்டாச்சு. ஒரு பத்து நாளு நாங்க அங்க வந்து இருக்கட்டா?"

அவளாக வாய்விட்டு இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த ஒத்த ரூமில் வந்து என்ன செய்ய என்று அவன் கூப்பிட்டபோதெல்லாம் தட்டிக்கழித்தவள். பத்து நாள் எந்த மூலைக்கு?

"ஏட்டி, பத்து நாளா? கொறச்சுகூட இரு."

"பத்து நாளையும் கொறைக்கணுமா?" என்றாள். "அம்புட்டு பாரமா போச்சோ நாங்க? இருக்கட்டும். நாங்க வரல."

"அய்யோ, அது இல்லட்டி, இங்க கொறச்சுன்னா..."

போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டான்; மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டான். போனை அணைத்துவிட்டிருந்தாள். எடுத்தாலும் என்ன சொல்வது? மலையாளத்தில் அப்படித்தான் என்றால், பெண்டாட்டிகிட்டயுமா மலையாளம் என்பாள். கேட்டால் நியாயம்தானே! பாழாய்ப்போன நாக்கு. ஊர்ப்பேச்சில் தினம் நாலு வார்த்தை பேச ஒரு ஆள் இருந்திருந்தால் அது இப்படித் தடம் மாறியிருக்குமா?

"அண்ணா, உறங்கிப் போயோ?" மேலே சுஜித் பொறுமையிழந்தான். "கொறச்சுகூடெ!"

பால்பாண்டி திருகைப் பிடித்தான். கை இடப்பக்கம் போயிற்று. புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது.

"அய்யோ, தாழுந்நு! கூட்டு அண்ணா, கூட்டு!"

கூட்டு. அதற்கு மட்டும் இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம். மேலே சுஜித் அதையே கத்திக்கொண்டிருந்தான். பால்பாண்டி திருகை விடாமல் பிடித்தபடி, மார்பின்மேல் கிடந்த போனைப் பார்த்தான். அதன் இருண்ட கண்ணாடியில் சோப்பு நுரை தெறித்திருந்தது.