கோட்டை வாசலில் அரிசி மூட்டை

தவமணிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பேசிவைத்த ராகுலனைக் கேட்டால் இன்னும் கூட்டிச் சொல்வார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கலியாணப் பேச்சுக்கால் முடிந்த கையோடு அவர் ஜேர்மனிக்குப் போனார். பிறகு அண்ணன் கூப்பிட்டு நான் ரொறன்ரோவுக்கு வந்தேன். எட்டு வருசம். ஒவ்வொரு ஞாயிறும் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பதினாலாம் மாடிக்கு அவருடைய ரெலிபோன் வரும். பேச ஒன்றும் இல்லாத ஞாயிறுகளில், மொழி வகுப்பில் கேட்ட பழைய அரண்மனைக் கதைகளைச் சொல்வார். எல்லாவற்றிலும் யாராவது காதலுக்காகச் செத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு கதை மட்டும் என்னை விடவில்லை. போருக்குப் போன வீரன் ஒருவன் ஏழு வருசம் கழித்து முகம் மாறித் திரும்புகிறான். காதலி தன்னை மறந்துவிட்டாளா என்று பார்க்க, பிச்சைக்காரனாகக் கோட்டை வாசலில் நிற்கிறான். அவள் ரொட்டியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். அவன் போகிற நடையைக் கண்டுதான் அவளுக்கு ஆள் யாரென்று பிடிபடுகிறது. வெறுங்காலோடு பனியில் ஓடி, விழுந்து சாகிறாள். அவனும் அவள்மேல் விழுந்து சாகிறான்.

"விசரன். நான்தான் எண்டு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே," என்றேன். அவர் சிரித்தார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் அவருக்குக் கனடா விசா கிடைத்தது. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். புதன்கிழமை பின்னேரம் வேலையால் வந்து சோறு வைத்துக்கொண்டிருக்கிறேன், ரெலிபோன் அடித்தது. கீழ்வாசலில் யாராவது பொத்தானை அமத்தினாலும் எங்கள் ரெலிபோன்தான் அடிக்கும்.

"அக்கா, கடையால அரிசி கொண்டந்திருக்கிறன்."

எட்டு வருசமாக அந்தக் குரலோடுதான் என் குடித்தனம். எனக்கா தெரியாது? நெஞ்சு குதித்தது. அடுத்த நிமிடமே கோபம் ஏறியது. கதையில் வந்த விசரன் மாதிரி என்னைச் சோதிக்க வந்திருக்கிறார்.

"அரிசியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். போங்கோ," என்று வைத்துவிட்டேன். பத்து நிமிடம் குளிரில் நிற்கட்டும் என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது. திரும்ப அடிப்பார் என்று ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அடிக்கவில்லை.

பல்கனியால் எட்டிப் பார்த்தேன். கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் தோளில் அரிசி மூட்டையோடு தெருப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். கதவைச் சாத்தினவள் நான்தானே.

லிஃப்ற் வரக் காணோம். பதினாலு மாடியும் படியால் இறங்கி, காலுறையோடு பனிக்குள் ஓடினேன். இரண்டு தரம் வழுக்கியும் விழவில்லை. ஸ்ட்ரீட்கார் தரிப்பில் ஆளைப் பிடித்தேன்.

"என்னைச் சோதிக்கவோ வந்தனீங்கள்?"

"சோதிக்க வரேல்ல, தவம்." அவர் தொப்பியைக் கழற்றினார். தலை வழுக்கையாக இருந்தது. "முடியெல்லாம் கொட்டுண்டு போச்சு. உமக்கு அனுப்பின படங்கள் எல்லாம் பழசு. கதவைத் திறக்கேக்க உமக்கு இந்த முகம் பிடிக்காட்டி, அரிசியைக் குடுத்திட்டுப் பேசாமல் போயிடுவம் எண்டு நினைச்சன். நீர் ஆளும் வேண்டாம் எண்டிட்டீர்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தொப்பியை வாங்கி அவர் தலையில் காது மூட இழுத்து மாட்டினேன்.

"குரல் கொட்டுண்டு போகேல்லைத்தானே? நடவுங்கோ, எனக்குக் கால் விறைக்குது."

மேலே வந்தால் வீடெல்லாம் புகை. சோறு அடிப்பிடித்துக் கருகிக் கிடந்தது. நல்லவேளை, அரிசி கொண்டுவந்திருந்தார்.