ஏழடிச் சந்து

தெரு முனையில் இருந்த கண்ணாடிக்காரர் வீடு ஒன்பது வருஷத்தில் ஏழடி நகர்ந்திருந்தது. அதை முதலில் கவனித்தது ஒரு பூனை. அவர் வீடும் அவருடைய தங்கை வீடும் ஒரே நாளில் அஸ்திவாரம் போட்டு, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியவை; நடுவில் ஒரு தபால் அட்டைகூட நுழையாது. முதல் வருஷம் முடிவதற்குள் அந்த இடத்தில் பூனை போய்வர ஆரம்பித்தது. இரண்டாம் வருஷம் ஒல்லியானவர்கள் பக்கவாட்டில் நுழைந்து குறுக்குவழியாகப் பின்தெருவுக்குப் போனார்கள். நாலாம் வருஷம் சைக்கிள் போனது, ஏழாம் வருஷம் காய்கறித் தள்ளுவண்டி போனது, ஒன்பதாம் வருஷம் ஒருவர் தன் வேனை அங்கே நிறுத்திக்கொள்ளலாமா என்று இரண்டு வீட்டிலும் தனித்தனியாகக் கேட்டார். சந்துக்குப் பெயர் அந்தந்த வருஷத்து அளவுதான். ஒன்றரையடிச் சந்து என்று விலாசம் போட்டு ஒரு கடிதம் வந்தால், அது எத்தனை வருஷம் எங்கே தூங்கிவிட்டு வருகிறது என்று தபால்காரர் உறையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

வீடு நகர்ந்ததற்குக் காரணம் இன்ஜின்கள். கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவர்; பகலெல்லாம் கடையில் ஒரே முக்காலியில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பொம்மை விமானங்களின் பழைய இன்ஜின்களைக் கையில் எடுப்பார். தீப்பெட்டி அளவில் ஒன்று, எலுமிச்சை அளவில் ஒன்று என்று யார் யாரோ பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் போட்டு மறந்தவை. இந்த இன்ஜின்களின் எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பார்கள். ஓட்டியவர் துடைக்காமல் வைத்துவிட்டால் அந்த எண்ணெய் இருபது, முப்பது வருஷத்தில் அரக்காக இறுகி, உள்ளே எல்லாவற்றையும் ஒட்டிப்போட்டுவிடும். முரட்டு ஆள் இடுக்கியால் திருகுவான், தண்டு முறியும். கண்ணாடிக்காரர் திருக மாட்டார். மனைவி கழித்துப் போட்ட குக்கரில் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டை ஊற்றி, அதில் இன்ஜினைப் போட்டு, கொதிக்கவிடாமல் ஒரு பகலும் ஓர் இரவும் சூட்டிலேயே வைத்திருப்பார். பிறகு எடுத்து விரலால் மெல்ல அசைப்பார். அசையாவிட்டால் மறுபடி குக்கர். கடைசியில் அது ஒரு சின்ன முனகலோடு இளகிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் வரும் நிம்மதியைத் தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை என்று மனைவி சொல்வாள்.

இளகிய இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டுமே. தங்கை வீட்டுப் பக்கத்துச் சுவரில் ஒரு கட்டையை போல்ட் போட்டு முடுக்கி, அதில் இன்ஜினை மாட்டி, முன்னால் விசிறியைப் பொருத்தி, விரலால் சுண்டிவிடுவார். ஒரு தடவை ஓடினால் வீடு ஒரு நகத்தின் கனம் நகரும், தங்கை வீட்டைவிட்டு அந்தண்டை. ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு என்று ஓட்டினார். வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயை வெட்டி ரப்பர் குழாய் போட்டாள், மின்சாரக் கம்பியைத் தாராளமாகத் தொங்கவிட்டாள், வாசற்படியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மேஸ்திரியைக் கூப்பிட்டு எடுத்து வைத்தாள். கட்டையைத் திருப்பிப் போட்டால் என்ன என்றும் அவள்தான் கேட்டாள். திருப்பிப் போட்டார்கள், வீடு அதே பக்கம்தான் போனது. எதிர்ச்சுவரில் மாட்டினார்கள், அப்போதும் அப்படியே. விசிறிக் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வீடு தங்கையைவிட்டு விலகியது.

தங்கை நகர பஸ் ஓட்டினாள். நாள் முழுக்க ஊரைச் சுற்றிவிட்டு வருகிறவள் வீடு வைத்த இடத்தில் இருந்தது. நாள் முழுக்க முக்காலியைவிட்டு எழாதவர் வீடு ஓடியது. இருவரும் பேசி ஒன்பது வருஷமாகிவிட்டது. சண்டை நிலத்துக்கோ நகைக்கோ இல்லை, அப்பாவின் இன்ஜினுக்கு. அப்பா பல் வைத்தியர். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் விமானம் விடுவார். பல் ராவுகிற கையாலேயே அவர் கடைந்து செய்த இன்ஜின் அது. பிஸ்டனையும் சிலிண்டரையும் ஒன்றுக்குள் ஒன்று விட்டு, பொடி போட்டு மாதக்கணக்கில் தேய்த்து இழைத்திருந்தார். அதற்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. எப்படிச் சுண்டினாலும் அது தலைகீழாகத்தான் சுற்ற ஆரம்பிக்கும். அந்தத் தலைகீழ் உதையில் அப்பாவின் விரல் வீங்கியது, அண்ணன் விரல் வீங்கியது, தங்கையின் ஆள்காட்டி விரலில் மட்டும் நகத்தடியில் ஒரு தழும்பு விழுந்தது. அதன் பிறகு அவள் சுண்டினால் மட்டுமே அது கிளம்பியது.

அப்பா போன மறுமாதம் மேஜைமேல் இன்ஜினை வைத்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். "ஸ்டார்ட் பண்ணது யாரு? என் விரலைப் பாரு" என்றாள் தங்கை. "விமானத்தைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நின்னது யாரு?" என்றார் அண்ணன். வேறு குடும்பமாக இருந்தால் யாராவது ஒருவர் அழுதிருப்பார்கள், மற்றவர் விட்டுக்கொடுத்திருப்பார். இவர்கள் கைக்கு எட்டிய தூரத்தில் திருப்புளி இருந்த குடும்பம். ஐந்து நிமிஷத்தில் இன்ஜினைக் கழற்றி, சிலிண்டரை அவளும் பிஸ்டனை அவரும் எடுத்துக்கொண்டார்கள். மற்ற பாதியை எங்காவது தேடிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். எந்த ஊர்ப் பழைய இன்ஜினைக் கண்டாலும் கண்ணாடிக்காரர் வாங்கிவந்தது அந்த எண்ணத்தில்தான். நூற்றுக்கணக்கான சிலிண்டர்கள் அவர் கைக்கு வந்தன. ஒன்றில் பிஸ்டன் நுழையவில்லை, அடுத்ததில் தொளதொளவென்று ஆடியது. இழைத்த ஜோடிக்கு வேறு ஜோடி கிடையாது என்பது வில்லை தேய்க்கிறவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தேடினார், மனுஷன் சும்மா இருக்க முடியாதவர்.

தங்கை அண்ணன் வீட்டை ஒட்டிய சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்து பழகியவள். வேலை முடிந்து வந்து நாற்காலியை அங்கே இழுத்துப் போடுவாள். அந்தப் பக்கம் இன்ஜின் ஓடுவது முதுகில் அதிரும். சந்து விழுந்த பிறகு அதிர்வு போய்ச் சத்தம் மட்டும் வந்தது. மூன்றடியில் சத்தம் தேய்ந்தது, ஐந்தடியில் அவள் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டாள், ஏழடியில் வாசலுக்கே வந்து நின்றாள். கேட்டால் காற்றுக்கு நிற்பதாகச் சொல்வாள். அவளுக்கு ஏக்கம்தான், வேறொன்றும் இல்லை.

ஒன்பதாம் வருஷம் நகராட்சி சர்வேயர் வந்தார். வீட்டின் அந்தப்பக்கச் சுவருக்கும் பக்கத்துத் தெரு வடிகாலுக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான் பாக்கி. விதிப்படி மூன்றடி விட வேண்டும். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "வீடு நகரக் கூடாதுன்னு எங்க சட்டத்துல எங்கேயும் இல்லைங்க. வடிகால்கிட்ட வந்தா இடிக்கணும்னு இருக்கு. ஒரு மாசத்துல மூணடி பின்னால போயிடுங்க" என்றார். நோட்டீஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் வழக்கம்போல இன்ஜின்களை ஓட்டவில்லை. ஓட்டாமல் இருந்தால் வீடு நிற்கும், ஆனால் பின்னால் போகாது. மற்ற இன்ஜின்கள் இரண்டை எப்படியோ ஏமாற்றித் தலைகீழாக ஓட்டிப் பார்த்தார். வீடு ஜுரம் வந்ததுபோல நடுங்கிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. தானாகவே தலைகீழாகச் சுற்றும் அப்பாவின் இன்ஜின் ஒன்றுதான் பாக்கி. அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்திலிருந்து அடுக்களைக்கும் அடுக்களையிலிருந்து கூடத்துக்கும் நடந்தார். சோற்றில் கை வைத்தபடி எழுந்து போனார். கடையில் கவனம் சிதறி, தூரப் பார்வைக்கு வந்தவருக்குக் கிட்டப் பார்வை வில்லையைத் தேய்த்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு போனவர் தன் வீடு என்று நினைத்துப் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாக ஊரில் பேச்சு. இரண்டு வாரம் பொறுத்த மனைவி மூன்றாம் வாரம் ஏழடிச் சந்தைத் தாண்டினாள்.

நாத்தனார் கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்றாள். அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "அந்த இன்ஜின் ஓடினாத்தான் என் வீடு நிக்கும். உன் பாதியைக் குடு."

"என் பாதி மட்டும் போதுமா? விரலு?"

"அதையும்தான் கேக்கறேன்."

"நீங்க கேட்டா எப்படி அண்ணி? எடுத்துக்கிட்டுப் போனவர் வந்து கேக்கட்டும்."

இதை மனைவி வந்து சொன்னதும் கண்ணாடிக்காரர் சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுநாள் மறுபடி மாட்டினார். அந்த ஏழடியைக் கடக்க அவருக்கு ஆறு நாள் ஆனது. முதல் நாள் வாசற்படி வரை வந்தார். மூன்றாம் நாள் சந்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது காய்கறி வண்டிக்காரர் வழி கேட்க, அதையே சாக்காக வைத்துத் திரும்பிப் போனார். இன்னும் இரண்டு நாள்தான் தவணை என்ற காலையில், ஒரு பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கை வாசலில் போய் நின்றார். தங்கைதான் முதலில் பேசினாள்.

"கடைசியா ஓட்டினியே ஒண்ணு, எண்ணெய் விடற ஊசியை இன்னும் கால் சுத்து திறந்திருக்கணும். காய்ஞ்சுபோய்க் கத்துச்சு."

"வாசல் வரைக்கும் கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு."

அவர் கூட்டைத் திறந்தார். பிஸ்டன் வில்லை துடைக்கும் துணியில் சுற்றியிருந்தது. துரு பிடிக்காமலிருக்க அவர் மாதாமாதம் தடவிய விளக்கெண்ணெய் அதன்மேல் தேன் நிறத்தில் இறுகியிருந்தது. தங்கை இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். பஸ் சாவியோடு சாவியாக அந்தச் சிலிண்டர் தொங்கியது. வெளியே உரசி உரசித் தேய்ந்திருந்தாலும், உள்ளே அவள் எண்ணெயில் நனைத்துத் திணித்த பஞ்சு அப்படியே ஒட்டிப்போயிருந்தது. ஊராருடைய இன்ஜின்களில் இதே தப்பைக் கண்டால் கண்ணாடிக்காரர் ஒரு மணி நேரம் திட்டுவார். இப்போது இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், கண் நிறைந்துவிட்டது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். "குக்கர் காலியாத்தான் இருக்கு" என்றார். பஸ்ஸுக்கு வைத்திருந்த கூலன்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.

ஒரு பகல், ஓர் இரவு. மறுநாள், அதாவது தவணையின் கடைசி நாள், இரண்டும் சுத்தமாகி வந்தன. பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டு அடியை விரலால் பொத்தினால், அது பாதியில் காற்றின்மேல் நின்றது. விரலை எடுத்ததும் நிதானமாக இறங்கியது. அப்பா இழைத்தது இழைத்தபடியே இருந்தது. பரணில் கிடந்த மிச்ச பாகங்களோடு சேர்த்துக் கட்டையில் மாட்டினார்கள். மண்ணெண்ணெயும் ஈதரும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை வீடெல்லாம் பரவியது. தங்கை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு விசிறியைச் சுண்டினாள். இன்ஜின் உதைத்தது, தழும்பு இருந்த இடத்திலேயே அடித்தது, தலைகீழாகச் சுற்றிக் கிளம்பியது. பீரோவை இழுப்பது போன்ற ஒரு சத்தத்தோடு வீடு ஒரு சாண் பின்னால் வந்தது.

ஓட்டத்துக்கு ஒரு சாண். நாலு ஓட்டத்திலேயே சட்டத்துக்கு வேண்டிய மூன்றடி கிடைத்துவிட்டது. ஆனால் அவர்கள் யாரும் நிறுத்தும் எண்ணத்தில் இல்லை. ஐந்தாவது ஓட்டத்துக்கு முன்னால் காய்கறி வண்டிக்காரர் ஓடிவந்து, சந்துக்குள் இருக்கும் வண்டியை எடுத்துக்கொள்ள நேரம் கேட்டார். பின்தெருவுக்கு இனி சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று முணுமுணுத்தார். ஏழில் சந்து ஒல்லியானவர்களுக்கு ஆனது, எட்டில் பூனைக்கு ஆனது. ஒன்பதாவது ஓட்டத்தின் நடுவில் தங்கை சட்டென்று எரிபொருள் குழாயைக் கிள்ளி நிறுத்தினாள். "ஏன்?" என்றார் அண்ணன்.

"கை நுழையற அளவு இருக்கட்டும். ரொம்ப ஒட்டிக்கிட்டா நமக்கு ஒத்துக்காது."

அது அவருக்கும் சரியாகப் பட்டது. தெருவிலிருந்து கை எட்டும் இடத்தில், கட்டையின் உயரத்துக்கு இரண்டு சுவரிலும் ஒவ்வொரு செங்கல்லை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் வாரம் முழுக்கப் பழைய இன்ஜின்களை ஓட்டுகிறார், வீடு நகம் நகமாக விலகுகிறது. "ஊசியைத் திற" என்று செங்கல் ஓட்டை வழியாகக் குரல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வந்து அப்பாவின் இன்ஜினைச் சுண்டி, ஒரு நொடியில் குழாயைக் கிள்ளி, வீட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறாள். ஓட்டி முடித்ததும் இருவரும் அதைக் கழற்றித் துடைப்பார்கள். பிஸ்டன் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போகும், சிலிண்டர் பஸ் சாவியோடு சேரும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் என்ன என்று அண்ணி ஒரே ஒரு தடவை கேட்டாள். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எதற்கு வருவது? சர்வேயர் வருஷத்துக்கு ஒரு முறை, மறக்காமல் திங்கட்கிழமையில் வந்து அளந்துவிட்டுப் போகிறார். தபால்காரர் பையில் இன்னமும் எப்போதாவது ஏழடிச் சந்து என்று விலாசமிட்ட கடிதம் வருகிறது, அதை அவர் செங்கல் ஓட்டையில் போட்டுவிடுகிறார்.